விறகை வாயுவாக்கி எரிக்கும், மேலே பற்றவைக்கும் அடுப்பில் தேங்காய்த் தொட்டி எரிந்த பிறகும் கரி மிஞ்சுவது ஏன்?

காற்று போதாததுதான் காரணம். மேலிருந்து கீழே இறங்கும் தணல், அடியிலிருந்து வரும் கொஞ்சக் காற்றின் ஆக்ஸிஜனைத் தானே தின்றுவிடுகிறது. மேலே இருக்கும் கரிக்கு எரிய எதுவும் மிஞ்சுவதில்லை. 200 முதல் 400 டிகிரிக்குள் விறகின் நார்ப்பொருள்களான ஹெமிசெல்லுலோஸும் செல்லுலோஸும் சிதைந்து, தார் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாகக் கிளம்புகின்றன. அடுப்பின் மேல் பக்கத் துளைகளில் வரும் காற்றில் அதுதான் சுடராகிறது. விறகுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மெதுவாகச் சிதைந்து கரியாகத் தங்கும். தொட்டியில் லிக்னின் அதிகம். காங்கேயம் பக்கம் தொட்டிக்கரித் தொழில் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

துண்டுகள் 2, 3 செ.மீ. இருக்கட்டும். தூள் கலந்தால் காற்று ஏறாது. வெள்வேல விறகும் போடலாம், நன்றாகக் காய்ந்திருந்தால். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே போய், சுடர் அணைந்து வெள்ளைப் புகைதான் வரும். மேல் துளைகள் சாம்பலால் அடைத்தாலும் அப்படியே.

மஞ்சள் சுடர் அடங்கிச் சிறு நீலச் சுடர் தெரிந்தால் வாயு தீர்ந்தது, இனி கரியே எரிகிறது. உடனே மூடியுள்ள தகர டின்னில் கொட்டிக் காற்றுப் புகாமல் மூடுங்கள், விட்டால் சாம்பல்தான். முழுக்க ஆறுமுன் திறந்தால் மறுபடி பற்றிக்கொள்ளும். இதை வீட்டுக்குள் வைத்துச் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும்.