பொம்மை நாய்க்கு வந்த போலீஸ்

அன்புள்ள சார்,

நண்பன் சொன்னதால் ஸ்கின்னி பப்பி இசைக்குழுவின் ‘விவிசெக்ட் சிக்ஸ்’ ஆல்பம் கேட்டேன். இயந்திர இரைச்சல், ஒரே கத்தல், ஒரு சொல்லும் புரியவில்லை. மேடையில் ரத்தம் வேறு. அதிர்ச்சியை விற்கும் வியாபாரம்தானே இது? நல்ல ஹெட்ஃபோன் வாங்கினால் மாறுமா? எலக்ட்ரோ-இண்டஸ்ட்ரியல் என்கிற இந்த வகை இசையை எங்கிருந்து தொடங்குவது?

கே.

அன்புள்ள கே.,

ஹெட்ஃபோனை விடுங்கள். சில நாட்களாக நானும் இந்த ஆல்பத்தோடுதான் இருக்கிறேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன். ‘வியாபாரம்’ என்று எழுதிவிட்டீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

கனடாவின் வான்கூவர்க்காரர்கள் 1988இல் வெளியிட்ட ஆல்பம் இது. செவின் கீ, பாடகர் நிவெக் ஓகர், அப்புறம் 1995இல் ஹெராயினுக்குப் பலியான டுவேன் கோட்டெல். ஆய்வுக்கூடங்களில் உயிரோடு அறுபடும் விலங்குகளுக்காகச் செய்தது. இதிலுள்ள ‘டெஸ்ச்சர்’ பாட்டில் வரும் பேச்சுகள், ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பி ஓடும் இரண்டு நாய்களைப் பற்றிய ‘தி பிளேக் டாக்ஸ்’ கார்ட்டூன் படத்திலிருந்து எடுத்தவை. கொஞ்சம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். தேடாமல் தீர்ப்பு எழுதுவது என்ன பழக்கம்?

அந்த வருடச் சுற்றுப்பயணத்தில் ஓகர் மேடையில் ஒரு பொம்மை நாயை அறுப்பார். அமெரிக்காவின் சின்சினாட்டியில் கூட்டத்திலிருந்த யாரோ அதை நிஜ நாய் என்று நம்பிவிட, போலீஸ் வந்து ஓகரையும் கீயையும் கைது செய்தது. பொம்மைக்குப் போலீஸ் வந்தது, கே. அதே நாட்டில் நிஜ நாய்கள் அறுபட்ட கட்டடங்களுக்கு யாரும் போகவில்லை, அங்கே அறுப்பதற்கு அனுமதி இருந்தது. பதறிய அந்த ஆளை நான் குறை சொல்லமாட்டேன். கண்ணால் பார்த்தார், மனம் துடித்தது. பூட்டிய அறைக்குள் நடப்பதைக் கண்முன் கொண்டுவந்தால்தான் அந்தத் துடிப்பு வரும் என்றால், மேடையில் ரத்தம் கொட்டாமல் வேறு என்ன செய்வது?

கல்லூரி விலங்கியல் லேபில் மெழுகுத் தட்டில் கிடந்த தவளைக்கு மயக்க மருந்து போதவில்லை. அடிவயிற்றைத் திறந்த பிறகும் கால் இழுத்துக்கொண்டே இருந்தது. “ஒண்ணுமில்ல, நரம்புத் துடிப்பு, படத்தை வரை” என்றார் ஆசிரியர். முப்பது பேர் தலையைக் குனிந்து பென்சிலைச் சீவினோம், ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அந்த அறையில் எழுந்திருக்க வேண்டிய கத்தலைத்தான் ஓகர் கத்துகிறார். குரலைச் சிதைத்து, நசுக்கி, வலியை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். அதில் சொல் புரியவில்லை என்று சொல்லாதீர்கள்.

பிடிக்காததையும் கடைசிவரை கேட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. ‘டெஸ்ச்சர்’ பாட்டிலிருந்தே மறுபடி தொடங்குங்கள், அதில் மெட்டு தெளிவாக இருக்கும். பிறகு 1990இல் வந்த அவர்களின் ‘டூ டார்க் பார்க்’ ஆல்பம். இரண்டையும் கேட்டபின் எழுதுங்கள்.