சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்றரை வருடமாக பேண்ட் நடத்துகிறோம், எல்லோருக்கும் இருபது வயதுக்குள்தான். சொந்தப் பாட்டு ஆறு வைத்திருக்கிறோம். மேடை ஏறினால் 'தெரிஞ்ச பாட்டா போடுங்கப்பா' என்று கத்துகிறார்கள். அந்தத் தெரிந்த பாட்டுகளோ எல்லாம் ஒரே மாதிரி, எல்லாமே கம்ப்யூட்டர் வேலை. கையால் வாசிக்கிறவர்களுக்கு இனி இடமே இல்லையா அண்ணா?

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது தம்பி. 1955 முதல் 2010 வரை வெளியான மேற்கத்திய வெகுஜன இசையில் நாலரை லட்சத்துக்கும் அதிகமான பதிவுகளைக் கணினியில் போட்டு அலசி 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒலியின் நிறம் (ஒரு கருவியின் ஒலியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் தன்மை) ஒன்றுபோல ஆகிவருகிறது, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழிகள் குறைந்துவிட்டன, சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்று அது சொன்னது. சத்தம் ஏறிய விதம் எளிமையானது. ஒலிப்பதிவில் பயன்படுத்தும் கம்ப்ரெசர் என்ற கருவி பாட்டின் உரத்த இடங்களை அமுக்கிவிடும், அப்புறம் மொத்தத்தையும் மேலே தூக்கிவிடலாம், முணுமுணுப்பும் அலறலும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். 1997-ல் பாடுகிறவரின் சுரப் பிசகைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருள் வந்தது (அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன் பூமிக்கடியில் எண்ணெய் இருக்கும் இடத்தை அதிர்வலைகளை வைத்துக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர்), குரலின் பிசிறும் போனது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடியாவது ஓடினால்தான் கேட்டதாகக் கணக்கு, அதனால் முன்னிசைக்குப் பொறுமை காட்ட ஆளில்லை. ஆனால் ஒன்று, அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டிலும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போலத்தான் இடம். வியாபாரம் அன்றும் பாட்டை வெட்டத்தான் செய்தது, அந்த மூன்று நிமிடத்துக்குள்ளேயே உயிரை வைத்தவர்களும் இருந்தார்கள்.

இனி சொல்வது கொஞ்சம் கசக்கலாம். நீங்கள் வெறுக்கிற அந்தத் தட்டையான சத்தம் உங்கள் பயிற்சி அறையிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்த நாட்களில் எங்களுக்கு அதுதான் நடந்தது. கிட்டார்காரர் தன் சத்தம் கேட்கவில்லை என்று ஆம்ப்பை (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) கூட்டுவார், அதைத் தாண்ட டிரம்மர் ஓங்கி அடிப்பார், நானும் கூட்டுவேன், பாடுகிறவர் நரம்பு புடைக்கக் கத்துவார். ஒருநாள் ஆம்ப் பழுதாகிப் போய், வேறு வழியில்லாமல் கிட்டாரை வெறுமனே வாசித்து, டிரம்மர் பிரஷ்ஷால் தடவி, எல்லோரும் அடங்கி வாசித்தோம். அன்றைக்குத்தான் கேட்டது: இரண்டாவது சரணத்தில் பாடுகிறவர் சாதாரண காந்தாரத்தில் நிற்கிறார், நான் அதற்கு அரைச்சுரம் மேலே, அந்தர காந்தாரத்தில் நிற்கிறேன். எட்டு மாதமாக மேடைமேடையாக அந்த அபசுரத்தை வாசித்திருக்கிறோம், நால்வரில் ஒருவர் காதிலும் விழவில்லை. இன்று நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

அதனால் வாரத்தில் ஒரு பயிற்சியை, மைக் இல்லாமல் பாடுகிறவரின் வார்த்தை காதில் விழும் அளவுக்கு மட்டும் சத்தம் வைத்து நடத்துங்கள். கிட்டார் ஆம்ப்பைத் தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குத்தான் போகும், ஒரு நாற்காலியில் ஏற்றிக் காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள், பாதி சத்தமே போதும். அறை நடுவில் போனை வைத்துப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். ஆறு பாட்டிலும் எங்காவது ஓர் இடத்தில் இரண்டு பேர் வாசிக்காமல் சும்மா இருக்கிறார்களா? இல்லையென்றால் அங்கிருந்து தொடங்குங்கள். நிறுத்தின இடத்தில்தான் அடுத்து வருகிற வாசிப்புக்கு எடை கிடைக்கிறது, கூட்டமும் அந்த இடத்தில்தான் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்.

தெரிந்த பாட்டு கேட்கிறார்களா, ஒன்று வாசியுங்கள், அதில் தப்பே இல்லை. கம்ப்யூட்டர் போட்ட தாளத்தைக் கழற்றிவிட்டு உங்கள் நான்கு பேர் கையால் அந்த மெட்டைத் திரும்பக் கட்டுங்கள்.

கேள்வி: கிளிக் டிராக் (வேகம் மாறாமலிருக்கக் காதில் ஓடவிடும் டிக் டிக் சத்தம்) இல்லாமல் வாசிக்க மாட்டேன் என்கிறான் எங்கள் டிரம்மர். கிளிக் வைத்தால் பாட்டு செத்துவிடுகிறது என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: பயிற்சியில் அவர், மேடையில் நீங்கள். அதே டிக் டிக் வேலையைச் செய்யும் மெட்ரோனோம் கருவிக்கு 1815-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள், அது இன்றைக்கு வந்த வியாதி அல்ல. கிளிக்கோடு வேகம் பிசகாமல் நிற்கிற வரை பழகுங்கள், அப்புறம் அதை அணைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்து வாசியுங்கள். பல்லவி திரும்பி வரும்போது வேகம் ஒரு துளி ஏறினால் ஏறட்டும்.

கேள்வி: என் மகன் பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறான். பயிற்சி முடிந்து வந்தால் காதுக்குள் 'ஙொய்' என்று சத்தம் கேட்கிறது என்கிறான். பழகிவிடும் என்று சொல்கிறான். நிஜமா?

பதில்: இல்லை அம்மா, அது காது கொடுக்கும் எச்சரிக்கை. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், அப்படிப் போனால் 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். சின்ன அறையில் டிரம்ஸ் அதை எளிதாகத் தாண்டும். உள்காதின் நுண்முடி செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. பஞ்சு வைப்பதில் பயனில்லை, இசைக்காரர்களுக்கென்றே வரும் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள், அதை மாட்டினாலும் சுரம் தெளிவாகவே கேட்கும். ரீங்காரம் மறுநாளும் நிற்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.