அதியமான் உரையைக் கைவிட வேண்டாம்

தருமபுரியில் கைதட்டல் பெற்ற உங்கள் அதியமான் நெல்லிக்கனி உரை கிருஷ்ணகிரியில் எடுபடவில்லை என்பதற்காக அதைக் கைவிட வேண்டாம். தொடக்கத்தை மட்டும் மாற்றுங்கள். அதியமான் ஆண்ட தகடூர் தருமபுரியின் பழம்பெயர் என்பதால் அங்கே அது சொந்த ஊர்க் கதை. கிருஷ்ணகிரியிலோ, 2004 வரை இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்ததைச் சொல்லித் தொடங்கினால் அந்த ஒட்டுதல் வரும்.

ஆனால் கிருஷ்ணகிரியில் உரை எடுபடாததற்கு எனக்குத் தோன்றும் முதன்மையான காரணம் வேறு. பலமுறை சொன்ன கதை மனப்பாடமாகிவிட்டால் நாம் அறியாமலே வேகம் கூடி, நெடுவாழ்வு தரும் கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அதியமான் ஈந்த இடத்தில் விட வேண்டிய மௌனம் மறைந்துவிடுகிறது. அந்த மௌனம்தான் இவ்வுரையின் உயிர்.

அடுத்த உரையைக் கைப்பேசியில் பதிவு செய்து, அவ்விடத்தில் எத்தனை நொடி நிற்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சென்ற முறை கேட்டவர்களே பெரும்பாலும் அவையில் இருந்தால் மட்டும், எவ்வளவு திருத்தியிருந்தாலும், இக்கதையைத் தவிர்த்துவிடுங்கள்.