பழைய கம்ப்யூட்டரில் எதற்குக் காசு போடலாம்?

கேள்வி: 2014-இல் வாங்கியது. ஐ3-4130, ஹெச்81 போர்டு, 4 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க். ஆன் ஆகவே ஐந்து நிமிடம். ஓவர்கிளாக் (பிராசசரை அதற்கென வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யலாமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: உங்கள் பிராசசரில் முடியாது, வேகத்தை மாற்ற முடியாதபடி பூட்டியே விற்றது. இன்டெல்லில் பெரும்பாலும் பெயர் 'கே' என்று முடிந்தால்தான் வேகத்தை ஏற்ற விடுவார்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா பாருங்கள். நின்றால் இழுப்பது ஹார்டு டிஸ்க். ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான டிஸ்க்) போட்டு, ராமை 8 ஜிபி ஆக்குங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் உங்கள் பிராசசர் இல்லை. நாளை வேறு கம்ப்யூட்டர் வாங்கினாலும் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: என் பழைய கோர் 2 டுயோ பிராசசருக்கு வாட்டர் கூலர் வாங்கலாமா? – ஓசூர் வாசகர்

பதில்: வேண்டாம்.

கேள்வி: ஐ5-2500கே, இசட்68 போர்டு. 4.5 கிகாஹெர்ட்ஸ் ஏற்ற ஆசை. 700 ரூபாய்க்கு '500 வாட்' எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) போதும் என்கிறார் கடைக்காரர். – மதுரை வாசகர்

பதில்: பிராசசரும் போர்டும் சரியான ஜோடி. பயம் அந்த எஸ்.எம்.பி.எஸ். மேல்தான். 3.3-இலிருந்து 4.5-க்கு ஏற்றும்போது வோல்டேஜையும் 1.2-இலிருந்து 1.35-க்குக் கூட்டினால், மின்சாரமும் சூடும் ஏறக்குறைய 70 சதவீதம் கூடும். அந்தச் சுமை முழுக்க 12 வோல்ட் கம்பியில் இறங்கும். கடையிலேயே பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்றிருந்தால், 12 × 14 = 168 வாட். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 500 உங்கள் பிராசசருக்கு வந்து சேராது. இந்தக் கணக்கு தெரியாமல் 2013-இல் நானும் அப்படி ஒன்று வாங்கினேன். மூன்றாவது வாரம் ஒரு கருகல் வாடை. திறந்தால் கெப்பாசிட்டர்கள் உப்பிக் கிடந்தன. போர்டும் போயிற்று, மூன்று வருடக் கட்டுரைகளோடு ஹார்டு டிஸ்க்கும் போயிற்று. ஆம்பியரை மறைத்து வாட்டைக் கத்தி விற்பவர்கள் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. நல்ல எஸ்.எம்.பி.எஸ்., நல்ல கூலர் இரண்டுக்கும் ஆகும் தொகையைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசில் இதைவிடப் புதிய தலைமுறையைச் சேர்ந்த, பயன்படுத்திய கம்ப்யூட்டருக்குப் பாதி வந்துவிடும் என்றால் அதற்கே சேருங்கள்.

கேள்வி: டிடிஆர்4 ராம் வாங்கினேன், என் போர்டில் உட்காரவில்லை. கொஞ்சம் அழுத்தலாமா? – சேலம் வாசகர்

பதில்: அழுத்தாதீர்கள்! உங்களுடையது டிடிஆர்3 போர்டாக இருக்கும்; வெட்டு இருக்கும் இடமே வேறு. பழைய ராமின் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதில் என்ன சிரமம்? பில்லோடு போய் மாற்றித் தரக் கேளுங்கள்.

கேள்வி: மகள் படிப்புக்காக 'ஐ7' என்று சொல்லி 18,000 ரூபாய்க்கு விற்றார்கள். வீட்டில் பார்த்தால் 2009-இல் வந்த ஐ7-860. கடையில் பேச மறுக்கிறார்கள். – விழுப்புரம் வாசகர்

பதில்: உங்கள் மேல் தவறில்லை. தலைமுறையைச் சொல்லாமல் 'ஐ7' என்று மட்டும் சொல்லி விற்பது ஏமாற்று. பில், விளம்பரம், வாட்ஸ்ஆப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனு எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.