ரத்தம் வராத ஈறு

கேள்வி: பல ஆண்டுகளாகப் புகைபிடிக்கிறேன். பல் துலக்கும்போது ஒரு நாளும் ரத்தம் வந்ததில்லை. புகைக்காத என் மனைவிக்குத்தான் ஈறில் ரத்தம் கசிகிறது. நிகோடின் ஈறைக் கெடுக்கும் என்று நீங்கள் எழுதுவது எப்படிச் சரியாகும்?
– ஒரு வாசகர், தேனி

பதில்: எதை நற்சான்றாக நினைக்கிறீர்களோ, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. பல்லில் படியும் கிருமிப் படலத்தை எதிர்க்க உடல் தன் வெள்ளை அணுக்களை அனுப்பும்போதுதான் ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் கசிகிறது. உங்கள் மனைவியின் ஈறு கவனிக்கச் சொல்லிக் கேட்கிறது. உங்கள் ஈற்றுக்கு அந்த வாய்ப்பே இல்லை. நிகோடின் சிறிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்களின் மேல் ஆல்ஃபா-7 என்றோர் ஏற்பி, அதாவது வேதிச் சேதிகளை வாங்கும் புரதம், உண்டு. அது தூண்டப்பட்டால் அழற்சியை, அதாவது அந்தச் சிவப்பையும் வீக்கத்தையும், மூட்டும் புரதங்களின் சுரப்பு அடங்கும் என்று 2003இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் டிரேசியின் குழு காட்டியது. நிகோடின் பற்றிக்கொள்வதும் அந்த ஏற்பியைத்தான்.

அழற்சி அடங்குவது நல்லதுதானே என்று கேட்பீர்கள். அடங்குவது அடையாளம் மட்டுமே. முதலில் ஓடிவர வேண்டிய நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் புகைப்பவர்களிடம் கிருமியைத் தேடிச் சென்று விழுங்குவதில் தளர்ந்துபோகின்றன. ஆனால் அவை வெளியிடும் எலாஸ்டேஸ் போன்ற நொதிகள் பல்லைத் தாங்கும் திசுவை அரிப்பது நிற்பதில்லை. நிகோடினோடு புகையிலுள்ள மற்ற நச்சுகளுக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்கத் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2000இல் வெளியான கட்டுரை, புகைப்பவர்களுக்கு முற்றிய ஈறுநோய் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு என்றது. 2018இல் வந்த ஈறுநோய் வகைப்பாடு, நாளுக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிப்பவரின் நோயை விரைந்து முற்றும் பிரிவில் வைக்கிறது.

பற்பசை விளம்பரங்களின் மேல் எனக்குள்ள பழைய கோபமும் இதனால்தான். ஈறுநோய் என்றாலே எச்சிலில் ரத்தம் என்று மட்டும் காட்டிக் காட்டி, எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் புகைப்பவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

பல் மருத்துவரிடம் சென்று, அளவுக்கோல் கம்பியால் ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை அளக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4, 5 என்று ஏறினால் எலும்பு கரைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். புகையை விட்ட சில வாரங்களில் உங்கள் ஈறிலும் ரத்தம் கசியத் தொடங்கலாம். அதைக் கண்டு அஞ்சி மறுபடியும் சிகரெட்டைத் தொட்டுவிடாதீர்கள். அடக்கி வைக்கப்பட்டிருந்த எதிர்ப்பாற்றல் அப்போதுதான் வேலைக்குத் திரும்புகிறது.