விளிம்பில் எழும் கொந்தளிப்பு

கேள்வி: அணுக்கரு இணைவு உலையில் பிளாஸ்மாவின் (மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த சூடான வாயுவின்) நடுப்பகுதி 15 கோடி டிகிரிக்குச் சூடாக வேண்டும் என்கிறார்கள். அப்படியிருக்க, ஆய்வாளர்கள் அதன் விளிம்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது ஏன்? அங்கே எழும் கொந்தளிப்பை அடக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

பதில்: நடுப்பகுதி எவ்வளவு சூடேறும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பதே விளிம்புதான். டோகமாக் எனும் வளைய வடிவக் கருவியில் காந்தப்புலம் பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால், விளிம்பில் சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் வெப்பமும் அடர்த்தியும் செங்குத்தாகச் சரிவதால், அந்தச் சரிவே சுழல்களைக் கிளப்பி, துகள்களையும் வெப்பத்தையும் காந்தக் கோடுகளுக்குக் குறுக்கே வெளியே தள்ளிவிடுகிறது. இந்தக் கசிவு சீரானதும் அன்று. காந்திநகரிலுள்ள ஆதித்யா டோகமாக்கில் அளவீடு செய்த நம் நாட்டு ஆய்வாளர்கள், அது விட்டுவிட்டுப் பீறிட்டு வருவதை 1992-லேயே எடுத்துக்காட்டினார்கள். உரிய அளவுக்குப் பேசப்படாத பணி அது.

நீங்கள் கேட்பதுபோல் கொந்தளிப்பு அடங்குவது ஒருமுறை தானாகவே நிகழ்ந்தது. 1982-இல் ஜெர்மனியின் கார்ஷிங் நகரில், ஆஸ்டெக்ஸ் கருவியில் ஃபிரிட்ஸ் வாக்னர் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, வெப்பமூட்டும் திறன் ஒரு வரம்பைத் தாண்டியதும் விளிம்பிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒளி சட்டென மங்கியது; கசிவு குறைந்ததன் அறிகுறி அது. பிளாஸ்மாவில் வெப்பம் தங்கும் நேரமோ ஏறத்தாழ இரு மடங்கானது. விளிம்பில் உருவாகும் மின்புலம் அடுத்தடுத்த அடுக்குகளை வெவ்வேறு வேகத்தில் ஓடச் செய்வதால், சுழல்கள் வளர்வதற்கு முன்பே கிழிபட்டுப் போகின்றன என்பதே இதற்குப் பரவலாக ஏற்கப்பட்டுள்ள விளக்கம்.

ஆயினும் சிக்கல் அத்தோடு தீரவில்லை. கசிவு குறைந்ததும் விளிம்பில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், தாங்காத நிலையில் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் வெடித்து வெளியேறுகிறது. இன்றைய கருவிகள் இதைத் தாங்கிக்கொள்கின்றன. பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் உலையிலோ, வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் டைவெர்ட்டர் பகுதியின் டங்ஸ்டன் பரப்பையே இத்தகைய பெரு வெடிப்புகள் உருக்கிவிடக்கூடும். அதனால்தான் அங்கே கலத்துக்குள்ளேயே 27 காந்தச் சுருள்களை அமைத்து, விளிம்பின் காந்தப்புலத்தைச் சற்றே கலைத்துவிடத் திட்டமிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியேகோவிலுள்ள டி-த்ரீ-டி டோகமாக்கில் இந்த வழிமுறை பலன் தந்திருக்கிறது.

ஆகவே, கொந்தளிப்பை முழுவதும் ஒழிப்பது நோக்கமாக இருக்க முடியாது என்பதே என் கருத்து. விளிம்பில் ஓரளவு கசிவு தொடர்ந்தால் அழுத்தம் வெடிக்கும் அளவுக்குச் சேராது. டைவெர்ட்டரில் சில மில்லிமீட்டர் அகலத்தில் குவியும் வெப்பமும் சற்றே பரவி விழும். நடுப்பகுதியின் சூட்டைக் கெடுக்காமல் அந்தக் கசிவை எந்த அளவில் நிறுத்துவது என்பதையே இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.