வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள், பொண்ணு வேலையையும் விடச் சொல்லாதீர்கள்

சார், உங்கள் கடிதம் கிடைத்தது. பொண்ணு ஓசூரில், ராணுவ விமானங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற ஒரு தனியார் கம்பெனியில் நாலு வருஷமாக இருக்கிறாள். ஆறு மாதம் முன்னால் டீம் லீடர் ஆக்கியிருக்கிறார்கள், கீழே பதினெட்டுப் பேர், அதில் பாதிப் பேருக்கு உங்கள் வயது. அன்றிலிருந்து போனில் சரியாகப் பேசுவதில்லை, ஒரு நாள் அழுதும் விட்டாள். உடனே அவள் பெரியப்பா "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மெஷின் ஷாப், எம்பிஏ படிச்சா ஏசி ரூம்ல உக்காரலாம்" என்கிறார், அமெரிக்காவில் இருக்கும் மாமா பேர்போன ஒரு கல்லூரியின் விண்ணப்பத்தையே அனுப்பிவிட்டார், நீங்களும் வீட்டுப் பத்திரத்தை வைத்து 25 லட்சம் கிடைக்குமா என்று பாங்க்கில் விசாரித்தாகிவிட்டது.

எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று இரண்டு பாராவுக்கு எழுதலாம், அதனால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த எம்பிஏ இப்போது வேண்டாம்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 25 லட்சம், 10 சதவீத வட்டி, பத்து வருஷம் என்று போட்டால் மாதத் தவணை 33,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். மொத்தம் திருப்பிக் கட்டுவது 39 லட்சத்தைத் தாண்டும். இரண்டு வருஷச் சம்பளம் போவதை இதில் நான் சேர்க்கவே இல்லை. உங்களுக்கு ஓய்வுபெற மூன்று வருஷம்தான் இருக்கிறது, இருப்பது ஒரே வீடு. பெரியப்பாவும் மாமாவும் யோசனை சொல்வார்கள், தவணை கட்ட வரமாட்டார்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசப் போவதில்லை.

அடுத்தது, அவள் என்ன கேட்டாள்? உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: லீவுக்கு வந்தால் ஒரு பாகத்தை எப்படி அளக்கிறார்கள் என்று தம்பிக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பாளாம். அந்த வேலை பிடிக்காத பிள்ளை அப்படிப் பேசாது. எம்பிஏ என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. தன் டீமில் இருக்கும் மூத்தவர்களைப் பற்றி "பெரியவங்க என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறாங்கப்பா" என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஆட்களை எப்படி நடத்துவது என்பது. நீங்கள் கொடுக்கப் பார்ப்பது இரண்டு வருஷம் மார்க்கெட்டிங்கும் ஃபைனான்ஸும்.

அந்தத் தயாரிப்புத் தளத்தில் ஒரு டீம் லீடர் என்ன செய்கிறார் என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். ஒரு அலுமினிய பிராக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு துளைக்கு டிராயிங் 20 மைக்ரான் வித்தியாசம்தான் விட்டுக்கொடுக்கிறது (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அளந்தால் 35 வருகிறது. மாதக் கடைசி, வண்டி கேட்டில் நிற்கிறது, இன்றைக்கு டிஸ்பாட்ச் ஆனால்தான் பில். மெஷினில் நிற்பவர் முப்பது வருஷ அனுபவஸ்தர், "இது ஒண்ணும் பண்ணாதும்மா, நான் எத்தனை பாத்திருக்கேன்" என்கிறார். அவர் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கும் இல்லை, உங்கள் பொண்ணுக்கும் இல்லை. வாடிக்கையாளரிடம் எழுத்தில் கன்செஷன், அதாவது இந்த அளவிலேயே ஏற்றுக்கொள்ள அனுமதி, கேட்க வேண்டும், பதில் வரும்வரை அந்தப் பாகத்துக்குச் சீட்டுக் கட்டித் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். பாகத்தோடு கூடவே போகும் ரூட் கார்டு என்ற பதிவுச் சீட்டில் அவள் போடும் கையெழுத்து வருஷக்கணக்கில் கோப்பில் இருக்கும், எங்கேயாவது கோளாறு என்று விசாரணை வந்தால் சீரியல் நம்பரைப் பிடித்துக்கொண்டு நேராக அங்கே வந்து நிற்பார்கள். அந்தப் பெரியவரை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைக்காமல் 'முடியாது' என்று சொல்லி, ராத்திரி ஒன்பது மணிக்கு மேலாளரைக் கூப்பிட்டு வண்டி பாதிச் சரக்கோடுதான் போகும் என்று சொல்லவும் வேண்டும். இந்தத் துறையில் தலைமைப் பண்பு என்பது இதுதான். இதை வகுப்பில் உட்கார்ந்து வரவழைக்க முடியாது.

இன்னொன்று, இந்தத் துறையின் காலக்கணக்கே வேறு. தேஜஸ் போர் விமானத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது 1983-ல், முதல்முறை பறந்தது 2001 ஜனவரியில், விமானப்படையில் ஸ்குவாட்ரனாக நின்றது 2016-ல். அந்த ஸ்குவாட்ரன் பிறகு நம் சூலூருக்கு வந்தது. அர்ஜுன் டாங்கித் திட்டம் 1974-ல் தொடங்கியது, முதல் தொகுதி ராணுவத்திடம் போனது 2004-ல், மேம்படுத்திய 118 டாங்கிகளுக்கு ஆவடி தொழிற்சாலைக்கு ஆர்டர் வந்தது 2021-ல். ஆரம்பித்தவர் ஒருவர், முடிப்பவர் இன்னொருவர். நடுவில் கைமாறுகிற தொழிலறிவு பெரும்பாலும் ஏட்டில் இருக்காது, உங்கள் பொண்ணின் பேச்சைக் கேட்காத அந்தப் பெரியவர்களின் கையில்தான் இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் அதை இளைய பையன்களுக்கு மாற்றிக்கொடுக்கத் தெரிந்த மேலாளர்தான் இந்தத் துறைக்கு வேண்டும்.

அதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது, நம் ஊரில் யாரும் கேட்டு வாங்குவதில்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்காவில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு லட்சக்கணக்கில் புது ஆட்கள் வந்தார்கள், பெண்கள் ஏராளம். வேலை தெரிந்தவர்களைத் திடீரென்று சூப்பர்வைசர் ஆக்கினார்கள், அவர்களுக்கு ஆட்களை நடத்தத் தெரியவில்லை, உங்கள் பொண்ணுக்கு நடந்த அதே கதை. அப்போது அரசே உருவாக்கியதுதான் 'டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி', சுருக்கமாக டிடபிள்யூஐ. 1940-ல் ஆரம்பித்து 1945-ல் முடிப்பதற்குள் 16,500-க்கும் அதிகமான தொழிற்சாலைகளில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போனது, டொயோட்டா அதை எடுத்துக்கொண்டு இன்றும் விடவில்லை.

முக்கியமாக மூன்று பகுதி, ஒவ்வொன்றும் மொத்தமே பத்து மணி நேரம், இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து நாள், வகுப்பில் பத்துப் பேர் அளவில். முதல் பகுதி வேலை கற்றுக்கொடுப்பது. ஒரு வேலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் தவறக் கூடாத விஷயம் எது, ஏன் தவறக் கூடாது என்று எழுத வேண்டும். 'போல்ட்டை முறுக்கு' என்பது படி. குறுக்கும் நெடுக்குமாக வரிசை மாற்றி முறுக்க வேண்டும், டார்க் ரெஞ்ச் ஒருமுறை கிளிக் ஆனதும் நிறுத்த வேண்டும் என்பவை முக்கியக் குறிப்புகள். ஒரே பக்கமாக முறுக்கினால் தகடு சமமாக உட்காராது என்பது காரணம். அப்புறம் செய்து காட்டி, புதியவரையே வாயால் சொல்லிக்கொண்டு செய்யச் சொல்லி, தனியாக விட்டு, இடையிடையே போய்ப் பார்க்க வேண்டும். ஆள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அந்தப் பயிற்சியின் அடிப்படை விதி. இரண்டாவது பகுதி வேலை செய்யும் முறையைச் சீர்படுத்துவது, அதை அவள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் அவளுக்கு உடனே வேண்டியது, ஆட்களோடு உறவு. விவரத்தைச் சேகரி, எடைபோட்டு முடிவெடு, செய், பலன் என்னவென்று பார். நாலே வரிதான். ஒரு மூத்த டெக்னீஷியன் புதிதாக வந்த டேப்லெட்டில் பதிவு போடவே மாட்டேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் வழக்கம் என்ன? ஒன்று மெமோ, இல்லையென்றால் கண்டும் காணாமல் விடுவது. இந்த முறையில் முதலில் அவரிடம் தனியாகப் பேசி விவரம் கேட்க வேண்டும். எழுத்து பொடியாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, ஒரு சின்னப் பெண்ணிடம் அதைச் சொல்லக் கூச்சம் என்று காரணம் அவ்வளவு சாதாரணமாக இருக்கலாம். அதற்கு மெமோ எதற்கு? எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்து, புதுப் பையன்களுக்கு வேலைப் படிகளை எழுதித் தரும் பொறுப்பை அவரிடமே கொடுக்கலாம். இரண்டு வாரம் கழித்துப் பதிவு ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். மரியாதை கொடுத்தவளின் பேச்சுக்கு மரியாதை வரும்.

பொதுத்துறை என்றால் விமானம் செய்யும் எச்ஏஎல்லுக்கு பெங்களூரில் மேனேஜ்மென்ட் அகாடமி இருக்கிறது, பாதுகாப்பு ஆராய்ச்சி செய்யும் டிஆர்டிஓவுக்கு முசோரியில் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. தனியார் சப்ளையரில் இருப்பவர்கள் வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு. ஓசூரைச் சுற்றி வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் நிறைய, இந்த மாதிரிப் பயிற்சி கொடுப்பவர்களை எச்ஆர் தேடிப் பிடிப்பது பெரிய காரியமில்லை. கம்பெனி மறுத்தால்கூட அந்தப் பழைய கையேடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவளே படித்து ஒரு ஷிஃப்ட்டில் ஆரம்பிக்கலாம்.

மாமா ஒரு நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார், அதை ஒதுக்க மாட்டேன். இந்தக் கம்பெனிகளில் மேலே ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் வந்து உட்கார்கிறார்கள், அவர்கள் ஐஐஎம்மில் படித்துவிட்டு வருகிறார்கள், இவள் எப்படிப் போட்டி போடுவாள் என்கிறார். அவர்கள் படிப்பது, படையிலிருந்து ஓய்வு பெறுபவர்களுக்காகப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம் ஏற்பாடு செய்யும் 24 வாரப் படிப்பு. அதற்கு முன்னால் பல வருஷம் ஆட்களை நடத்திவிட்டுத்தான் அந்த வகுப்புக்குப் போகிறார்கள். இவளும் அதே வரிசையில் போகட்டும், முதலில் பதினெட்டுப் பேர், அப்புறம் ஐம்பது, அதற்கப்புறம் வகுப்பு.

மகளிடம் சொல்லி எச்ஆருக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். மேலே சொன்ன பயிற்சியைப் பெயர் சொல்லிக் கேட்கட்டும். அடுத்த வருஷம் ஆறு மாதமாவது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றிப் போடச் சொல்லட்டும், ஏனென்றால் விமானத் துறையின் தரச் சான்றான ஏஎஸ் 9100 ஆடிட்டுக்கும், ராணுவ விமானத் தரத்தைச் சோதிக்கும் அரசு அமைப்பான டிஜிஏக்யூஏவின் இன்ஸ்பெக்டருக்கும் பதில் சொல்லிப் பழகியவர்களைப் புரோகிராம் மேனேஜர் வேலைக்குத் தேடிக் கூப்பிடுவார்கள். தன் மேலாளர் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கி அவளோடு பேச வேண்டும் என்றும் எழுதட்டும், நாலு வருஷம் டிராயிங் பார்த்த ஒருத்தியைப் பதினெட்டுப் பேர் நடுவில் தனியே விட்டது அந்தக் கம்பெனி செய்த தப்பு. திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி என்ற சான்றிதழ்த் தேர்வு எழுத, நாலு வருஷ டிகிரி படித்தவர்களுக்குத் திட்டங்களை முன்னின்று நடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேர வகுப்பும் வேண்டும். இப்போதிருந்தே நடத்தும் வேலைகளைக் குறித்து வைத்தால் அந்தக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

நைட் ஷிஃப்ட் பற்றிய உங்கள் பயம் நியாயம். போகவர வண்டி, வாசல்வரை இறக்கிவிடுவது, ஷிஃப்ட்டில் இன்னொரு பெண், இவை இருக்கின்றனவா என்று அவளிடம் கேளுங்கள், இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதுவும் கொடுக்காத கம்பெனி என்றால் கம்பெனியை மாற்றலாம், துறையை மாற்ற வேண்டாம். 2018 பட்ஜெட்டில் அறிவித்த பாதுகாப்புத் தொழில் பெருவழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தும் இருக்கின்றன. தயாரிப்புத் தளத்தையும் ஆட்களையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவளுக்கு இந்த ஐந்து ஊரிலும் கதவு தட்ட இடம் உண்டு.

நாலைந்து வருஷம் கழித்து, ஒரு பிரிவின் வரவுசெலவு முழுக்க அவள் கைக்கு வந்தபின், அவளே "எனக்கு ஃபைனான்ஸ் தெரியலை, படிக்கணும்" என்று சொன்னால், கம்பெனி பாதியாவது கட்டினால், அப்போது எம்பிஏ பற்றிப் பேசலாம், நானே நல்ல கல்லூரியாகப் பார்த்துத் தருகிறேன். இந்த மாதக் கடைசிதான் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்று எழுதியிருந்தீர்கள். அது போனால் போகட்டும். பாங்க்கில் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பேசும்போது எம்பிஏ பேச்சை எடுக்காமல், அந்தப் பதினெட்டுப் பேரில் யாரோடு கஷ்டம், என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். எச்ஆர் என்ன பதில் சொன்னார்கள் என்பதை அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.